தைக்குப் பிறகு ஒரு கோல்கூட இல்லை

"கோச்சை மாத்தணும்லே! ஜெயிச்சுக்கிட்டிருந்த காலேஜ் டீம், தைக்குப் பொறவு அஞ்சு ஆட்டத்துல ஒரு கோல்கூடப் போடலியே!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாக்கி சீசனின் கடைசி ஆட்டத்திலும் தோல்வியைப் பார்த்துவிட்டு, ராஜபாளையம் வீட்டுக்கு வந்ததும் சம்பத்குமார் பொரிந்து தள்ளினான்.

கூடவே வந்த நண்பன் தேவநேசன் பெருமூச்சு விட்டான். "கோச் என்னலே செய்வாரு? கோல் போட்டுக்கிட்டிருந்த சென்டர் ஃபார்வர்டைப் பாதியில நிறுத்திட்டாவளே."

"அதை விடு. கோல்கீப்பரும் சரியில்ல."

"எதுக்கு விடணும்? பத்து வருஷமா ஆட்டம் பாக்குதோம், அப்படி ஒரு ஓட்டத்தைப் பாத்திருக்கியா? நிறுத்தின மனுசனை நேர்ல ஒரு கேள்வி கேக்கணும்."

அந்த ஓட்டத்துக்கு முதலில் எழுந்து நின்று கைதட்டியவனே சம்பத்குமார்தான்.

உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள் வஞ்சுளவல்லி. தையில் கட்டிய தாலியின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

"கேளுங்கண்ணே. காலேஜுக்குப் போ, கிரவுண்டுக்கு மட்டும் போகாதேன்னு சொன்னது இவியதான்."

சம்பத்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பரணில் தானே தூக்கிப் போட்டிருந்த ஹாக்கி ஸ்டிக்கை எடுத்து, தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்து, மனைவியிடம் நீட்டினான்.

"அப்போ, கோச்சை மாத்த வேண்டாம்லா?" என்றான் தேவநேசன்.