படத்தில் இருப்பவள்

"இவள் பெற்றவளா, பேயா? குழந்தை ரோட்டில் நிற்கிறது. இவளுக்குப் போன் பெரிதாகப் போய்விட்டது. இவளுக்கெல்லாம் எதற்குக் குழந்தை?"

மிஸ் நோட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. இதை எழுதினது யாரு? எழுந்திரு."

கடைசி பெஞ்சிலிருந்து புதுப்பெண் எழுந்தாள். இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வாயே திறக்கமாட்டாள். வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பேர் விழுந்திருந்தது.

"டேய், மியூட்டுக்குச் சவுண்ட் வந்துடுச்சுடா!"

"உஷ்!" என்றார் மிஸ்.

கரும்பலகையில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷமாக எல்லார் போனிலும் சுற்றிய படம்தான். ரோட்டோரத்தில் ஒருத்தி காதில் போனோடு திரும்பி நிற்கிறாள். முகம் பாதிகூடத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால், இப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு குழந்தை ரோட்டில் இறங்கி நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில், 'இப்படியும் ஒரு தாய்!'

பக்கத்தில் மிஸ் சாக்பீஸால் எழுதியிருந்தார்: யார் காட்டுகிறார்கள்? எதைக் காட்டவில்லை? நாம் ஏன் நம்புகிறோம்?

"நான் என்ன எழுதச் சொன்னேன்?"

"படத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கும்னு யோசிச்சு எழுதச் சொன்னீங்க மிஸ்."

"நீ யோசிச்சியா?"

"வெளியே ஒண்ணும் இல்லை மிஸ். அவ கெட்டவ. அவ்வளவுதான்."

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக இந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி, ஒரு செய்தியைப் பார்த்தால் உடனே நம்பாதே, ஒரு நிமிஷம் நில் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"அது உங்க அம்மாவா இருந்தா இப்படி எழுதுவியா?"

அவள் மிஸ்ஸையே பார்த்தாள். "எழுதுவேன் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா என் வகுப்புக்கு வராதே."

அதுவரை கல்லாக நின்றவள் அப்போதுதான் ஆடிப்போனாள்.

"அம்மா வேண்டாம் மிஸ். இம்போசிஷன் எழுதறேன். எத்தனை தடவை வேணாலும் எழுதறேன். வெளியே நிக்கச் சொல்லுங்க, நிக்கறேன். அம்மா மட்டும் இங்க வர வேண்டாம்."

"ஏன், அடிப்பாங்களா?"

"இல்லை மிஸ்."

"அப்ப வரட்டும்."

ஆசிரியர் அறையில் கணக்கு மிஸ் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பன்னிரண்டு வயசுல எவ்வளவு விஷம் பாருங்க. இதெல்லாம் தானா வராது. வீட்டுல யாரோ ஊத்தித்தான் வளர்க்கறாங்க."

அம்மா மறுநாள் வந்தாள். கடைசி வேனும் போய், பள்ளி காலியான பிறகுதான் வந்தாள். புதுப்பெண் தன் மூன்று வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே நின்றாள்.

"உட்காருங்கம்மா. உங்க பொண்ணு எழுதினதை நீங்களே படிங்க."

அம்மா நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வேற யாராவது இதைவிட மோசமா எழுதியிருக்காங்களா மிஸ்?"

"இல்லை. உங்க பொண்ணுதான் எல்லாரையும் மிஞ்சிட்டா."

"அப்ப சரி," என்று மூச்சு விட்டாள் அவள்.

மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா சரி? பெருமையா இருக்கா? யார் சொல்லிக்கொடுத்தது இவளுக்கு இதெல்லாம்?"

"நான்தான்."

'நான் சொன்னேனா இல்லையா' என்று கணக்கு மிஸ் கண்ணாலேயே கேட்டார்.

மிஸ் நோட்டுக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவி மேஜையில் விரித்துப் போட்டார். "இதையும் பாருங்க. இதுவும் அதே வகுப்புதான், அதே வயசுதான். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை எப்படி யோசிச்சிருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க."

'ஒருவேளை அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம்.'

அம்மா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அந்த வரியின் மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"லேட்டா வந்தது மிஸ்."

"எது?"

"ஆம்புலன்ஸ். போட்டோ எடுத்தவர் கொஞ்சம் இடது பக்கமா நகர்ந்திருந்தா, இவ அப்பா அடிபட்டுக் கிடந்ததும் படத்துல விழுந்திருக்கும்."

மிஸ் எழுந்துவிட்டார். கணக்கு மிஸ் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"அம்மா... இது நீங்களா? அப்புறம் ஏம்மா உங்க பொண்ணே இப்படி..."

அம்மா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் ஸ்கூல்ல எனக்காகச் சண்டை போட்டா மிஸ். ஒருத்தரும் அவ பக்கத்துல உட்காரலை. அடுத்த ஸ்கூல்ல வாயை மூடிக்கிட்டு இருந்து பார்த்தா. எல்லாரும் திட்டும்போது இவ மட்டும் ஏன் சும்மா இருக்கான்னு அங்கேயும் கண்டுபிடிச்சுட்டாங்க. அதான் இந்தத் தடவை நானே எதிர்ல உட்கார்ந்து, என்னைத் திட்டச் சொல்லிப் பழக்கினேன். முதல்ல அழுதுடுவா. இப்ப அழாமலே வருது."