நேராகப் போட்டால்

எதிர்வீட்டு சுலோசனா டீச்சர் கணக்கு டியூஷனில் சேர்ப்புச் சார்பு, அதாவது ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு, நடத்துவது எங்கள் மாடிவரை கேட்கும். "எண்ணை முதல்ல உள்ள இருக்கிற ஜி-யில போடு. அதுல வர்றதைத்தான் வெளிய இருக்கிற எஃப்-ல போடணும்."

அந்த வீட்டு வழக்கமும் அதுதான். மருமகள் மாமியாரிடம் சொல்ல வேண்டும். மாமியார் மகனிடம் சொல்வாள். நேற்று டீச்சர், "அம்மாவுக்கு ரொம்ப முடியல அத்தை, ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். மாமியார் கூடத்துக்குப் போய், "உம் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குக் கெளம்பறாளாம்" என்றாள்.

"போறவளை அங்கயே இருந்துக்கச் சொல்லு."

நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

இன்று ஒரு மாணவி கேட்டாள்: "நேரா எஃப்-லயே போட்டா என்ன டீச்சர்?"

"வேற விடை வரும்" என்றவரின் சாக்பீஸ், பலகையில் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது.