தண்ணீர் ஊற்றக் கூடாது

மூன்றாவது டாய்லெட்டின் கதவிலும் பலகையை மாட்டிவிட்டு, ஆணி நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

‘தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு கை தூள் போதும்.’

வீட்டுக்குள் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

அவன் இன்னும் பார்க்கவில்லை.

விடிந்ததும் அண்ணன்தான் போன் செய்தான். அப்பா போய்விட்டார் என்று முதலில் சொன்னான். எண்பது பேர் வருவார்கள், வீட்டில் ஒரே கக்கூஸ், தண்ணீர் லாரியும் இந்த வாரம் இல்லை என்று அடுத்துச் சொன்னான். உன் டாய்லெட்டில் மூன்று கொண்டு வா என்றான்.

அதைத் தன்னை வரச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாமா என்று வேனில் வரும் வழியெல்லாம் யோசித்தான்.

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. படி ஏறுவான் என்றது ஒன்று. மாட்டான் என்றது மற்றது. இழவு வீட்டுக் காப்பிக்கு இதைவிடத் தோதான பேச்சு அகப்படவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா சொன்னது தெருவுக்கே மனப்பாடம். கணக்கு வாத்தியார். எதையும் ஒரு தரம்தான் சொல்வார்.

“எம்.எஸ்ஸி. படிச்சவன் பீ அள்ளப் போறான். அந்த வாடை இந்தப் படி ஏறக் கூடாது.”

வாடையே இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

அவன் செய்து வாடகைக்கு விடுவது தண்ணீர் வேண்டாத டாய்லெட். நடுக்குழிக்குக் கீழே ஒரு டிரம். போய் முடித்ததும் ஒரு கை தென்னைநார்த் தூள். அதில் காய்ந்த வேப்பிலையைப் பொடித்துக் கலந்திருப்பான். கழுவிக்கொள்ள ஓரமாய் வேறு குழி. டிரம்மை ஒரு வருஷம் மூடிவைத்தால் எரு. அவன் தோட்டத்து வாழைகள் அதில்தான் நிற்கின்றன.

ஈரம் மட்டும் ஆகாது. நடுக்குழியில் ஒரு வாளி தண்ணீர் விழுந்தால் போதும், தெருவே மூக்கைப் பிடிக்கும்.

தையில் அப்படித்தான் பிடித்தது.

எதிர்வீட்டுச் செண்பகவல்லியின் மகள் கல்யாணம். இதே தெரு, இதே டாய்லெட்டுகள். பந்தி முடிந்து வந்து பார்த்தால் ஒன்று நாறிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கர்ச்சீப்பும் கையுமாக நின்றார்கள். அவன் நடுத்தெருவில் நின்று கத்தினான்.

“எந்தக் கூறுகெட்ட பய தண்ணிய ஊத்துனது? போர்டு தொங்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

பந்தலின் கடைசி நாற்காலியில் அப்பா இருந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

சிரிக்கிறார் என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு இந்தத் தெருப் பக்கமே அவன் வரவில்லை. இன்றுதான்.

வாளியில் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி வந்தாள். காலையில் கேட்டதை மத்தியானம்வரை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவள். கட்சிக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் நிமிரவில்லை.

“எய்யா, அன்னிக்குத் தண்ணி ஊத்துனது ஒங்கப்பாதான்.”

அவன் கை நின்றது.

“எல்லாரும் பந்தியில இருந்தாக. இவரு மெல்ல எந்திச்சு வந்து ஒவ்வொரு கதவாத் தொறந்து பாத்தாரு. ஒண்ணுல எவனோ அசிங்கம் பண்ணி வச்சிருந்தான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, எங்க தொட்டியில மூணு வாளி மோந்துட்டு வந்து கழுவிவிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாத்தா எம்பய பேரு கெட்டுப்போகும்னாரு. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு, போர்டு எங்க தெரிஞ்சிச்சு? நீ கத்துன பொறவு வந்து, யார்ட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

தையிலிருந்து ஆடிவரை ஏழு மாதம். செண்பகவல்லி. சொன்னால் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடி இல்லாமல் அப்பாவால் பேப்பர் படிக்க முடியாது.

உள்ளே சங்கு ஊதினார்கள்.

நீர்மாலைக்குக் கிளம்பிவிட்டார்கள். தெருக்கோடி அடிபம்பிலிருந்து பிள்ளைகளும் பங்காளிகளும் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தால்தான் அப்பாவைக் குளிப்பாட்டலாம். முன்னால் பித்தளைக் குடத்தோடு அண்ணன். பின்னால் சித்தப்பா பிள்ளைகள். குடங்கள் ஆள் கணக்குக்குச் சரியாக இருந்தன.

அவன் கணக்கில் இல்லை.

வாளியைக் கவிழ்த்தான். தூள் தரையில் குவிந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்தான். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

பம்பில் அவன் முறை வந்தபோது அண்ணன் வாளியைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். பிடியை வாங்கித் தானே அடித்துக் கொடுத்தான்.

படி மூன்று.

ஏறினான்.

இரண்டு கட்சியும் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டன.

முற்றத்துப் பெஞ்சில் அப்பா இருந்தார். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக இருந்தது. அவர் காலில் ஊற்றினான். ஒரு சொட்டு விடாமல் ஊற்றினான்.

வெறும் வாளியோடு திரும்பிப் படி இறங்கினான்.

“ஒரு தடவ போதும்ப்பா. மொறை அவ்வளவுதான்” என்றார் சித்தப்பா.

பம்புச் சத்தம் மறுபடி கேட்டது.

இரண்டாவது வாளியையும் ஊற்றிவிட்டு அவன் இறங்கியபோது, சங்குக்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார்.

வாசலில் செண்பகவல்லி மட்டும் சொன்னாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. பொறுங்க.”