சிவப்புப் புள்ளி

மின்சாரம் சேமிக்கும் உள்ளங்கையளவு வெள்ளிநிறப் பை ஒன்று ஆய்வகச் சோதனை மேசைமேல் மெல்ல உப்புகிறது. உள்ளே கிராபீன் என்ற கரிப்படலம் பூசிய இரண்டு மின்முனைகள். வெளியே நீட்டியிருக்கும் தகடுகளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதால், நேர்முனையில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைப்பது அவள் வழக்கம்; முனை மாற்றி மாட்டினால் உள்ளே வாயு சேர்ந்துவிடும். இப்போது புள்ளியைக் காணோம். இணைப்பைப் பிடுங்குகிறாள். பையின் விளிம்பில் உள்ளிருக்கும் திரவத்தின் இனிப்பு வாடை கசிகிறது. "இதுல இருந்த புள்ளி எங்கங்க?" "கறைன்னு நெனச்சுத் துடைச்சுட்டேன்," என்கிறான் கூடவே வேலை பார்க்கும் கணவன், எதையும் துடைத்துக்கொண்டே இருப்பவன். "இடப்பக்கம்தானே நேர்முனை? அப்படியே மாட்டிட்டேன்." "பை கவுந்து கிடந்தா இடம் வலம் மாறிடாதா? இது ஒண்ணுதானே துடைச்சீங்க?"  அவன் கண்கள் சார்ஜ் ஏறும் அலமாரிப் பக்கம் போகின்றன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், காலையில் தட்டையாக இருந்த பைகளெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் வரிசையாக நிற்கின்றன.