இவளேதான்

ஹெப்சிபாவின் அடையாள டோக்கன் அன்று மாலையோடு காலாவதியாகிறது. அது இல்லாவிட்டால் வீட்டுக் கதவு திறக்காது, பேருந்து ஏற்றாது, மருந்துக்கடைகூட மாத்திரை தராது. புதுப்பிக்க வேண்டுமானால், "இவள் இவள்தான்" என்று பழகிய ஒருவர் நேரில் வந்து சொல்லவேண்டும்.

அம்மா போன பிறகு அப்படிச் சொல்ல அவளுக்கு ஆளில்லை. அலுவலகத் தோழிகள் எல்லாரும் அவளைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மொட்டைமாடித் துணிக்கொடிக்காக நாலு வருடமாக அவளோடு மல்லுக்கு நிற்கும் கோமளவல்லி, விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது டோக்கன் அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த இயந்திரம்.

"இவளையா? ஈரப் போர்வையக் கொண்டாந்து என் காஞ்ச துணி மேலயே போடுவா. கேட்டா மூக்கு மட்டும் செவக்கும், வாயிலேருந்து ஒரு மன்னிப்பு வராது. இப்பவும் செவந்திருக்கு பாரு. இவளேதான்!"

பச்சை விளக்கு எரிந்தது. ஹெப்சிபாவின் டோக்கன் புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. இனிமே அந்தக் கொடிய நீங்களே வச்சுக்கோங்க" என்றாள் ஹெப்சிபா, வெளியே வந்ததும்.

கோமளவல்லி பதறிப்போனாள். "ஐயையோ, வேணாம்! வர்ற வெள்ளிக்கிழமை என் டோக்கன் முடியுது. உன்ன விட்டா எனக்கு மட்டும் யாரு இருக்கா? சண்டைய விட்டுடாதடி."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா. காலையில ஈரப் போர்வையோட மாடிக்கு வர்றேன்."