தெபு இலை மசக்கை

பெல்மதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இலட்சுமி ஒரு முடிவோடுதான் இறங்கினாள். இன்றைக்கு அம்மாவைக் கையோடு வரக்காப்பொலையிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். தம்பி பொண்டாட்டிக்கு மசக்கை என்றால், அறுபது வயது அம்மாவா ஊரெல்லாம் அலைந்து கீரை பொறுக்குவது?

தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னது அத்தனையும் உண்மை. தம்பி பொண்டாட்டி கேஷானி கதிரையில் சாய்ந்திருந்தாள். அம்மாவைக் காணோம்.

"அம்மா எங்க?"

"சம்பலுக்குத் தெபு இலை பறிக்க ஆத்தோரம் போயிருக்காங்க அண்ணி."

"கிழவிய ஆத்தோரம் அனுப்பிட்டு மகாராணி உக்காந்திருக்கீங்களோ?"

கேஷானி எழுந்து கதிரையை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். இலட்சுமிக்கு அதிலும் கோபம் வந்தது.

வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள் அம்மா பரிமளம். கையில் ஒரு கட்டு இலை.

"என்னம்மா இது? உனக்கென்ன தலையெழுத்தா?"

"சும்மா இரு புள்ள. வயித்துப்புள்ளக்காரி கேட்டதக் குடுக்கலன்னா, பொறக்குற புள்ளைக்குக் காது வடியும். நேத்து குரக்கன் மா ரொட்டி கேட்டா. முந்தாநாள் வல்லாரைச் சம்பல். தனியாத் தின்னா குமட்டுதாம். நானும் கூட உக்காந்து தின்னாத்தான் எறங்குதாம்."

"மூணு நேரமுமா?"

"மூணு நேரமுந்தான். பிஸ்கட் வாசம் பட்டாலே வாந்தியாம். வீட்டுல இருந்ததையெல்லாம் தோட்டத்து லயத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்." அம்மா பெருமூச்சு விட்டாள்.

கிரீம் பிஸ்கட் இல்லாமல் பிளேன்டீ குடிக்கத் தெரியாத அம்மா! இலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தாள். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு தட்டு சாப்பிட்டார்கள். முடித்த கையோடு கேஷானி கொல்லைப்பக்கம் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட இலட்சுமியும் பின்னாலேயே போனாள்.

கேஷானி வாழை மரத்தடியில் குனிந்து, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்காதத ஏன்டி கேட்டு வாங்கித் திங்கிற?"

கேஷானி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"அத்தைக்குச் சீனி ரொம்ப ஏறிப்போச்சுன்னு கிளினிக்குல சொன்னாங்க அண்ணி. பிஸ்கட்ட விடணுமாம், தெபு மாதிரிக் கீரை திங்கணுமாம், நல்லா நடக்கணுமாம். இல்லாட்டி கால எடுக்க வேண்டி வந்துருமாம். டொக்டருக்கு என்ன தெரியும்னுட்டாங்க அத்தை. எனக்கு மசக்கைன்னா மட்டுந்தான் கேக்குறாங்க."

இலட்சுமி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். இத்தனை நாள் இவளைத் திட்டாத திட்டில்லை.

"இப்ப அம்மாவுக்குச் சீனி எப்புடி இருக்கு?"

"நல்லாக் கொறஞ்சிருக்கு. மாத்திரையாலன்னு நெனச்சிட்டிருக்காங்க."

"சரி, உனக்கு நெசமா என்னதான் திங்க ஆசை?"

கேஷானி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கிரீம் பிஸ்கட்டு அண்ணி."

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஏய் இலட்சுமி! கொல்லையில என்ன பேச்சு? அவளுக்கு இன்னும் ஏதாச்சும் வேணுமான்னு கேளு!"

இலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் குரல் கொடுத்தாள்.

"பாவக்காய் வேணுமாம், அம்மா! டவுன் வரைக்கும் நீயே நடந்து போய் வாங்கிட்டு வரணுமாம்!"