மேயரின் புது இளமைக்காலம்

பங்களாவில் வளர்ந்தவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று, கட்சிக்காரர்கள் சௌந்தரவல்லியின் மகன் வசந்தனுடைய மூளையில் பழைய நினைவுகளை அழித்து ஓர் ஏழைச் சிறுவயதைப் பதித்துவிட்டார்கள். கிழிந்த டவுசர், தெருவிளக்குப் படிப்பு, ஆப்பம் சுட்டு வளர்த்துச் செத்துப்போன அம்மா. மேடைதோறும் நிஜமாகவே அழுதான், மேயரும் ஆகிவிட்டான்.

பெற்றவளைத்தான் அடையாளம் தெரியவில்லை. சௌந்தரவல்லி குறைதீர்க்கும் நாளில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று மனுவை நீட்டினாள். ‘என் மகன் என்னை மறந்துவிட்டான்.’

வாசித்த வசந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்களப் பார்த்தா எங்கம்மா ஞாபகம் வருதும்மா” என்றவன், உதவியாளரிடம் சீறினான். “அந்தப் பய எங்க இருந்தாலும் பிடிச்சு என் முன்னாடி நிறுத்துய்யா!”

சௌந்தரவல்லி கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

அதில் மீசையைச் சரிசெய்துகொண்டு, “அடுத்த மனு” என்றான் வசந்தன்.